தலைக்கு 14 சென்டிமீட்டர் கரை

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 36,501. கரையை ஆள் கணக்கில் பங்கு பிரித்தால் ஒருவருக்கு 13.7 செ.மீ. வரும். ஒரு சாண்கூட இல்லை.

இந்தக் கரைக்காகத்தான் ஆயிரக்கணக்கானோர் மலையேறி வருகிறார்கள். இதை விட்டுப் போக மனமில்லாமல்தான் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரு சிறிய ஏரிக்கரை ஊரில் வாழ்வதால் என்ன வரவு, என்ன செலவு, எவ்வளவு கடன்? எண்களாகவே எழுதிப் பார்ப்போம்.

ஏரியின் கொள்ளளவு

பரப்பு: 60 ஏக்கர், அதாவது சுமார் 24 ஹெக்டேர்.
சராசரி ஆழம்: சுமார் 3 மீட்டர்.
ஊரின் உயரம்: கடல் மட்டத்திலிருந்து 2,133 மீட்டர், சுமார் 7,000 அடி.
ஆண்டு மழை: ஏறத்தாழ 1,600 மி.மீ.

பரப்பையும் ஆழத்தையும் பெருக்கினால் 7,20,000 கன மீட்டர், அதாவது 72 கோடி லிட்டர் தண்ணீர். நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் இந்த ஏரி ஊர் முழுவதற்கும் 146 நாள் தாங்கும். ஊரின் குடிநீர் இதிலிருந்து எடுக்கப்படுவதில்லை. அதற்கென்று வேறு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. ஏரியின் அளவு மனதில் பதிவதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

ஆண்டு முழுவதும் ஏரியின் மேல் நேராக விழும் மழை 38 கோடி லிட்டருக்குச் சற்று மேல். மொத்தக் கொள்ளளவில் பாதிதான் அது. மீதி நீர் சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து ஓடைகளாக வந்து சேர வேண்டும். ஆகவே ஏரி என்பது 60 ஏக்கரோடு முடிந்துவிடுவதில்லை. அதற்குத் தண்ணீர் அனுப்பும் ஒவ்வொரு மேடும், அந்த மேட்டிலிருக்கும் ஒவ்வொரு வீட்டின் சாக்கடையும் ஏரியைச் சேர்ந்தவை. நிரம்பி வழியும் நீர் மலைப்பாதையோரத்தில் 180 அடி உயரத்திலிருந்து வெள்ளி அருவியாக விழுகிறது. பேருந்தில் ஊருக்கு வருகிறவர் ஏரியைப் பார்ப்பதற்கு முன்பே ஏரித் தண்ணீரைப் பார்த்துவிடுகிறார்.

வடிவம் தந்த லாபம்

24 ஹெக்டேர் நீரை வட்டமான குளமாக வெட்டியிருந்தால் அதன் சுற்றளவு 1.74 கி.மீ.தான். இருபது நிமிடத்தில் சுற்றி முடித்திருக்கலாம். கொடைக்கானல் ஏரி வட்டமாக இல்லை. ஓடை ஓடிய பள்ளத்தாக்கில் கரை எழுப்பியதால், பள்ளங்கள் போன திசையிலெல்லாம் தண்ணீரும் புகுந்து நட்சத்திரம்போல் கைநீட்டி நிற்கிறது. அதே தண்ணீருக்கு இரண்டரை மடங்குக்கும் மேல் கரை கிடைத்தது இப்படித்தான்.

இந்த ஊரின் அழகுக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வளைவிலும் ஏரி ஒரு முறை மறைந்து மறுபடி தெரிகிறது. கரையில் எங்கே நின்றாலும் முழு ஏரி கண்ணுக்கு அகப்படாது. சின்ன ஏரி பெரிதாகத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

ஊர் வந்த கணக்கு

மலையில் மக்கள் வாழ்க்கை பழையது. பளியர் பழங்குடியினர் காட்டில் வாழ்ந்தார்கள். வில்பட்டி, பூம்பாறை போன்ற மலைக்கிராமங்களில் உழவு நடந்தது. ஏரிக்கரை ஊரின் வரலாறு மட்டும் சமீபத்தியது.

1821: லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவையாளர் மலையை அளக்க ஏறினார்.
1845: மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்களில் பலரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். உயிர் பிழைக்க இடம் தேடியபோது பிறந்த ஊர் இது.
1863: மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்சு ஓடையைத் தடுத்துக் கரை கட்டினார். ஏரி உண்டானது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது.
1875: அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. இன்றைய கொடைரோடு நிலையம் அதுதான்.
1890: படகுக் கழகம் தொடங்கியது.
1899: ஊர் நகராட்சியானது. அதே காலத்தில் சூரிய ஆய்வகமும் இங்கே அமைந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான்.
1916: வத்தலக்குண்டு வழியாக வண்டிச்சாலை திறந்தது. அதுவரை டோலியிலோ குதிரையிலோ கால்நடையாகவோதான் மேலே வர முடிந்தது.
1936: இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லேடி இராமநாதன் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டினார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தின் கைங்கரியம் இந்த மலைமேல் நிற்கிறது.

இங்கே காலத்தை அளக்க இன்னொரு கோலும் உண்டு. 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியை வைத்துப் பளியர்கள் வயது சொல்வது வழக்கம். ஏரி உண்டாவதற்கு முந்திய ஆண்டு, 1862-இல், குறிஞ்சி பூத்தது. அதன்பின் 1874-இல் தொடங்கி 2018 வரை 13 முறை பூத்திருக்கிறது. ஆக, ஏரிக்கு 13 குறிஞ்சி வயது. அடுத்த பூப்பு 2030-இல்.

சுருங்கிய பங்கு

1901-இல் ஊரின் நிலையான மக்கள்தொகை 1,912. 2011-இல் அது 19 மடங்கு. ஏரி மட்டும் அதே 60 ஏக்கர். தலைக்கு வரும் பங்கைப் பாருங்கள்.

1901-இல்: நீர்ப்பரப்பு 125 சதுர மீட்டர், கரை 2.6 மீட்டர், தண்ணீர் 3,76,000 லிட்டர்.
2011-இல்: நீர்ப்பரப்பு 6.6 சதுர மீட்டர், கரை 13.7 செ.மீ.; தண்ணீர் 19,700 லிட்டர்.

நூறு ஆண்டுக்கு முன் ஆளுக்கு ஒரு சிறு வீட்டு மனை அளவு ஏரி இருந்தது. இப்போது ஆளுக்கு ஒரு சிற்றறை அளவுதான்.

இது ஊர்க்காரர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025-இல் கோடைக் காலத்துக்கு வரம்பும் வந்தது: வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000. வண்டிக்கு 4 பேர் என்று வைத்தால் ஒரு சனிக்கிழமை மட்டும் 24,000 பேர் வரை வரலாம். ஊர் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு அது. அன்றைக்குத் தலைக்குக் கரை 8.3 செ.மீ.; நீர்ப்பரப்பு 4 சதுர மீட்டர்.

வாகனங்களின் நீளத்தையும் கூட்டிப் பார்க்கலாம். கார் ஒன்றுக்கு 4 மீட்டர் என்றால் 6,000 கார்களை இடைவெளியின்றி நிறுத்த 24 கி.மீ. வேண்டும். ஏரியை ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றிவரும் வரிசை. வரம்பு போட்ட பிறகுள்ள நிலை இது என்பதை மறக்கக் கூடாது.

வீட்டு வரவு செலவு

மலையில் குடியிருப்பது மலிவு என்று கீழே இருப்பவர்கள் நினைப்பதுண்டு. மின்விசிறிகூட வேண்டாமே என்பார்கள். மே மாதம் மதுரையில் பகல் வெயில் 38 டிகிரியைத் தொடும்போது இங்கே 20 டிகிரி. இந்த 18 டிகிரியின் மதிப்பு என்ன?

வரவு: 75 வாட் மின்விசிறி மூன்று, நாளுக்கு 12 மணி நேரம். ஆண்டுக்கு 985 யூனிட் மிச்சம்.
செலவு: நால்வர் குடும்பம். ஆளுக்கு ஒரு வாளி, 20 லிட்டர். 14 டிகிரியில் குழாயில் விழும் நீரை 40 டிகிரிக்குச் சுடவைக்க வாளிக்கு 0.6 யூனிட். ஆண்டுக்குச் சுமார் 880 யூனிட்.
இருப்பு: 100 யூனிட் சொச்சம்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கும் இலவச மின்சாரத்தில் ஒரு தவணைக்குத்தான் இது சமம். கம்பளியும் மழைக்கோட்டும் குழந்தைகளின் குளிர்காலச் சளியும் இந்தப் பட்டியலில் சேரவில்லை. பெரிய மருத்துவமனைக்கு மதுரை போக வேண்டும்: 120 கி.மீ., வளைவுகளோடு மூன்றரை மணி நேரம். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் அந்த 120 கி.மீ.தான் இந்த ஊரில் மிக அதிக விலை உள்ள பொருள்.

பணத்தில் லாபம் இல்லை என்றால், பிறகு எதில்?

காலில். ஏரியைத் தினம் ஒரு முறை சுற்றுகிறவர் ஆண்டுக்கு 1,825 கி.மீ. நடக்கிறார். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு நடந்து, திரும்பி, மறுபடி பாதி வழிக்கு மேல் போன தூரம். நுழைவுச் சீட்டு இல்லாமல், ஊரைவிட்டுப் போகாமல். காலை ஆறு மணிக்குப் பனி நீரைவிட்டு எழும்பும்போது எதிரே வருகிறவர் முகம் தெரியும். பத்து ஆண்டாக அதே வளைவில் அதே முகம். பெருநகரத்தில் ஒருவர் நாளுக்கு ஆயிரம் பேரைக் கடக்கிறார், ஒருவரையும் அறிவதில்லை. இங்கே ஐம்பது பேரைக் கடந்து ஐம்பது பேரிடமும் வணக்கம் சொல்கிறோம்.

திருப்பித் தராத கடன்

ஏரி தந்தது இவ்வளவு. ஊர் ஏரிக்குத் தந்ததையும் எழுத வேண்டும்.

1984-இல் இங்கே பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. 2001-இல், உடைந்த வெப்பமானிகள் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது வெளியானதும் மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. ஆலை ஏரிக்கரையில் இல்லை. ஆனாலும் ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. 17 ஆண்டு ஓடிய ஒரு தொழிலின் கணக்கை ஏரி இன்னும் மடியில் வைத்திருக்கிறது.

5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-இல் அறிவித்தார்கள். நல்ல தொடக்கம். ஏரிக்கு வரும் ஓடைகளில் கழிவுநீர் கலப்பதற்கும் இதே கண்டிப்பு வேண்டும். 72 கோடி லிட்டரில் ஏறக்குறைய பாதி அந்த ஓடைகளைத்தான் நம்பியிருக்கிறது.

கடைசி வரி

தொடக்கத்தில் போட்ட வகுத்தல் கணக்குக்குத் திரும்புகிறேன். 5 கி.மீ.யை 36,501 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 13.7 செ.மீ. கணக்கில் தவறில்லை. பிரித்ததுதான் தவறு.

இந்தக் கரையை யாரும் பிரித்துக்கொள்ளாததால், அதிகாலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒவ்வொருவருக்கும் முழு 5 கி.மீ.யும் கிடைக்கிறது. எனக்குக் கிடைப்பதால் அடுத்தவருக்குக் குறைவதில்லை. பங்கு போட்டால் ஒரு சாணுக்கும் குறைவு. பொதுவில் வைத்தால் 5 கி.மீ. சிறிய ஏரிக்கரை ஊரில் வாழ்வதன் மொத்த லாபமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது. ஒருவர் வேலி போட்டால், ஒருவர் சாக்கடையைத் திருப்பிவிட்டால், 36,501 பேரும் முதல் எண்ணுக்கு இறங்கிவிடுவார்கள்.

2030-இல் குறிஞ்சி 14-ஆம் முறையாகப் பூக்கும்போது ஏரியும் அதே 60 ஏக்கரில், அதே 5 கி.மீ. கரையோடு, இன்னும் தெளிந்த நீரோடு இருக்க வேண்டும். கணக்கில் நாம் எழுதி வைக்க வேண்டிய வரவு அது ஒன்றுதான்.