சர்க்கரையைத் தேடிப் போன செடி

வாசலோரம் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்குமா?

ஜமைக்காவில் அப்படி நம்பித்தான் அதன் இலையைத் தேநீர் போலக் காய்ச்சிக் குடித்தார்கள். 1952-இல் கொஞ்சம் இலைகள் ஓர் உறைக்குள் கனடா வந்து சேர்ந்தன. ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிள் சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார். சர்க்கரை அசையவே இல்லை! ஊசியில் ஏற்றினால், பாவம், எலிகள் கிருமித்தொற்றில் செத்துப்போயின. சோதித்தபோது வெள்ளணுக்கள் சரிந்திருந்தன.

அங்கேதான் பொறி தட்டியது. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய்க்கு இது உதவுமே!

செடி நஞ்சுதான், வீட்டில் காய்ச்சிவிட வேண்டாம். ஆனால் நோபிளும் சக ஆராய்ச்சியாளர் சார்லஸ் பீரும் அதிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின், நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருத்துவர்கள் இன்றும் தரும் மருந்து.