கிரிவலத்தில் அம்மாவோட லைவ் லொகேஷன் அசையலையா? பதறாதீங்க... இதையெல்லாம் செக் பண்ணுங்க!

பௌர்ணமி ராத்திரி. அம்மா அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களோடு திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கிறார். நீங்கள் சென்னையில் இருந்தபடி வாட்ஸ்அப்பில் அவருடைய லைவ் லொகேஷனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அடி அண்ணாமலை வரை வந்த புள்ளி அப்படியே நின்றுவிட்டது. அரை மணி நேரமா அசையலை. போன் போட்டால் லைன் கிடைக்கலை. மனசு எங்கெங்கேயோ போகும்தானே?

பெரும்பாலும் நின்றிருப்பது அம்மா இல்லை, அப்டேட்தான். ஏன் இப்படி ஆகிறது, கிளம்பும் முன்பே என்னென்ன சரிசெய்து வைக்கலாம்?

சாட்டிலைட் மேல பழி போடாதீங்க

லைவ் லொகேஷனில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. போன் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. அதை உங்களுக்கு அனுப்புவது இன்னொன்று.

முதல் வேலைக்கு ஜி.பி.எஸ் போதும். சுமார் 20,200 கி.மீ உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளின் சிக்னலை போன் வாங்க மட்டும்தான் செய்யும், ரேடியோ மாதிரி. எத்தனை லட்சம் பேர் கூடினாலும் அது குறையாது. 4 சாட்டிலைட்டுகள் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். 2,668 அடி மலை ஒரு பக்க வானத்தைக் கொஞ்சம் மறைத்தாலும், மறுபக்கம் திறந்துதானே இருக்கிறது?

சிக்கல் இரண்டாவது வேலையில். அனுப்புவதற்கு இன்டர்நெட் வேண்டும். 14 கி.மீ பாதையில் லட்சக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் அங்கிருக்கும் டவர்களை மொய்க்கும்போது, டேட்டா திணறும். சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரிந்தும் மெசேஜ் போகாதது இதனால்தான்.

8 மணி நேரக் கணக்கு

வாட்ஸ்அப் லைவ் லொகேஷனுக்கு 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றே ஆப்ஷன்கள். சாயங்காலம் 4 மணிக்கு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே ஆன் செய்தால், நள்ளிரவு 12 மணிக்குத் தானாக நின்றுவிடும். அம்மா 10 மணிக்கு நடக்க ஆரம்பித்திருந்தால், அந்த நேரத்தில் பாதிப் பாதையில், அதாவது அடி அண்ணாமலை பக்கம்தான் இருப்பார்! அதனால், நடக்கத் தொடங்கும்போது புதிதாக ஆன் செய்யச் சொல்லுங்கள். கூகுள் மேப்ஸில் ஷேர் செய்தால், நாமாக நிறுத்தும் வரை ஓடும் ஆப்ஷனும் உண்டு.

போனே ஆப்பைத் தூங்க வைக்கும்

ஆப் பின்னணியில் இருந்தால், ஒரு மணி நேரத்துக்குச் சில முறை மட்டுமே லொகேஷன் தரும் கட்டுப்பாடு 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-லேயே இருக்கிறது. லைவ் ஷேரிங் ஓடுவதாக நோட்டிஃபிகேஷன் காட்டும் ஆப்களுக்கு இதில் சலுகை உண்டு. ஆனால், சில கம்பெனி போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, அதையும் நிறுத்திவிடும். அம்மா கிளம்பும் முன் அவர் போனை வாங்கி, இந்த நான்கையும் பாருங்கள்.

1. வாட்ஸ்அப்பின் லொகேஷன் பர்மிஷன் 'அலோ ஆல் த டைம்' என்று இருக்கணும். 'ஒன்லி வொய்ல் யூஸிங்' என்றால், திரையை அணைத்ததும் அப்டேட் நிற்கலாம்.

2. 'ப்ரிசைஸ் லொகேஷன்' ஆனில் இருக்கணும். இல்லையென்றால், ஆண்ட்ராய்டு 12 முதல் தோராயமான இடம்தான் தெரியும். அது சுமார் 3 சதுர கி.மீ பரப்பு!

3. ஆப்பின் பேட்டரி செட்டிங்கில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' கொடுங்கள்.

4. பேட்டரி சேவரை ஆஃப் செய்யுங்கள். சில போன்களில் அது ஆனில் இருந்தால், திரை அணைந்ததும் லொகேஷனும் அணையும். பதிலுக்கு ஒரு பவர் பேங்க் கொடுத்து அனுப்புங்கள்.

பார்க்கிற நீங்க கவனிக்க வேண்டியது

புள்ளியைப் பார்க்கும் முன், கடைசியாக அப்டேட் ஆன நேரத்தைப் பாருங்கள். 40 நிமிடத்துக்கு முன் என்றால், அது அம்மா இருக்கும் இடம் இல்லை, இருந்த இடம். புள்ளி திடீரென ஒரு கி.மீ தாவினாலும் பயப்படாதீங்க. நெட் கிடைத்ததும் புது இடம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

போனை மட்டும் நம்பாதீங்க

டேட்டா திணறும் இடத்திலும் சாதாரண எஸ்.எம்.எஸ் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை அஷ்ட லிங்கங்கள் இருக்கின்றனவே, அவைதான் சரியான மைல்கல். 'வருண லிங்கம் தாண்டியாச்சு' என்று ஒரு வரி எஸ்.எம்.எஸ் வந்தால் போதும்.

கூட்டத்தில் பிரிந்தால் எந்த லிங்கத்தில் காத்திருப்பது என்று முன்பே பேசிவைக்கச் சொல்லுங்கள். உங்கள் நம்பரைப் பேப்பரில் எழுதி அம்மாவின் பையில் வையுங்கள். சார்ஜ் போனால் கான்டாக்ட்ஸும் போச்சு. நம்மில் எத்தனை பேருக்கு வீட்டு நம்பர்கள் மனப்பாடம்?

ரொம்ப நேரம் எந்தத் தகவலும் இல்லையா? முதலில் கூடப் போனவர்களின் நம்பர்களுக்கு ட்ரை பண்ணுங்கள். அந்த நம்பர்களையும் முன்பே வாங்கிவைப்பது நல்லது. அவர்களும் கிடைக்கவில்லை என்றாலோ, அம்மா கூட இல்லை என்று சொன்னாலோ, தயங்காமல் 112-க்கு அழையுங்கள்.