புதுக் கீல் பூட்டிய வண்டிக் கதவைச் சீராக்கும் முறை

வண்டிக்கு அச்சாணி எத்தகையதோ, கதவுக்குக் கீல் அத்தகையது. ஆயினும் அச்சைப் பற்றிக் கவலைகொள்ளும் குடியானவர்களில் பலர், கதவு கழன்று தொங்கும் வரை கீலைப் பற்றி நினைப்பதில்லை. மதுரைக்குக் கிழக்கே வையைக் கரையை ஒட்டிய வண்டியூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும், முற்காலத்தில் இரட்டை மாட்டு வண்டி செய்துவந்த வேலையை இக்காலத்தில் சிறு லோடு வண்டிகள் செய்கின்றன. விடியுமுன் பறித்த மல்லிகை மொட்டும், அறுத்த கீரையும், வாழைத்தாரும் மாட்டுத்தாவணிச் சந்தைகளுக்கு இவ்வண்டிகளிலேயே செல்லுகின்றன. 2013-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, நேரம் ஏற ஏற மலர்ந்து விலை குறையும் சரக்காகும். ஆகவே ஓட்டுகிறவர் அவசரப்படுவது இயல்பே. அந்த அவசரத்தில் சரியாய்ப் பொருந்தாத கதவை ஓங்கி அறைந்து மூடிவிட்டுப் புறப்படுவதே இங்கு எடுத்துரைக்கப்போகும் அபாயத்திற்குக் காரணம்.

அபாயம் யாது?

மோட்டார் வண்டிக் கதவின் பூட்டு இரண்டு படிகளாய்க் கவ்வுவது. முதற்படியில் கதவு மூடியதுபோல் தோன்றும். இரண்டாம் படியிலேயே முழுப் பிடிப்பு உண்டாகும். கதவு தாழ்ந்தோ விலகியோ நின்றால், எவ்வளவு அறைந்தாலும் பூட்டு முதற்படியிலேயே நின்றுவிடக்கூடும். சுற்றுச்சாலையில் வேகமாய்த் திரும்பும்போது அக்கதவு திறந்துகொள்ளுமாயின், அதன்மேல் சாய்ந்திருக்கும் ஆளோ குழந்தையோ வெளியே வீழ்வது நிச்சயம். இதனோடு ஒப்பிட, ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் உட்புகுந்து தரைத்தகடு துருப்பிடிப்பது சிறு நஷ்டமேயாகும்.

புதுக் கீல் போட்டும் கதவு கோணுவதேன்?

கடையில் வாங்கும் கீலின் துளைகள் பழைய கீலின் துளைகளுக்கு மயிரிழை வித்தியாசப்படினும் கதவின் நிலை மாறும். உதாரணமாக, மேற்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் இடையே 40 சென்டிமீட்டரும், கீலிலிருந்து பூட்டு முனை வரை 1 மீட்டரும் உள்ளதாகக் கொள்வோம். மேற்கீல் 1 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்ந்தால், பூட்டு முனை 2½ மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். ஏற்ற மரத்தின் ஒரு முனையில் சிறிது அசைத்தால் மறுமுனை மிகுதியாய் அசைவது போன்றதே இது. எனவே கதவைச் சீராக்குவதற்குப் பலம் வேண்டுவதில்லை. பொறுமையும் அளவுமே வேண்டும்.

கழற்றுமுன் செய்ய வேண்டியவை

பழைய கீலைக் கழற்றுமுன் கதவைப் பாதி திறந்து, முனையைக் கையால் மேலும் கீழுமாய்த் தூக்கிப் பார்க்க. கீலின் முளையில் ஆட்டம் தெரிந்தால் தேய்ந்தது முளையும் புஷ்ஷுமேயாம். கீல் அசையாமல், கீலைத் தாங்கும் நிலையின் தகடு அசைந்தால், அது துருவோ வெடிப்போ ஆகும். அதைப் பற்றவைத்துப் பலப்படுத்தாமல் எத்தனை கீல் மாற்றினும் பிரயோஜனமில்லை.

பிறகு, பழைய கீல் இருந்த இடத்தைச் சுற்றி ஆணியால் மெல்லிய கோடு கீறிக்கொள்க. வண்டியைப் பாரம் இறக்கிச் சமதரையில் நிறுத்துக. பாரத்தாலும் மேடுபள்ளத்தாலும் வண்டியின் கூடு முறுகியிருக்கையில் எடுக்கும் அளவு பொய்யளவாகும். கதவின் அடியில் ஜாக்கியை வைத்து, அதன்மேல் பலகையும் சாக்கும் மடித்துப் போட்டுக் கதவைத் தாங்கச் செய்க. கதவினுள் மின்கம்பி செல்லுமாயின் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு கீல்களையும் ஒருங்கே கழற்றலாகாது. ஒன்றை மாற்றி, கோட்டின்மேல் பொருத்தி, அரைவாசி முடுக்கிய பின்னரே மற்றதைத் தொடுக.

இடைவெளியே சாட்சி

இப்பொழுது முதல் வேலை, நிலையின் பின்தூணிலுள்ள பூட்டுமுளையைக் கழற்றிவிடுவதாகும். இதைப் பலர் செய்வதில்லை. முளை இருக்குமாயின், மூடும்போது அது கதவைத் தன்பால் இழுத்துக் கீலின் குற்றத்தை மறைத்துவிடும். முளை நீங்கியபின் கதவை மெல்லச் சாத்தி, சுற்றிலுமுள்ள இடைவெளியைப் பார்க்க. அளவு தெரியவில்லையெனில், பழுதில்லாத மறுபக்கத்துக் கதவே நமக்கு அளவுகோல்.

கீலின் தகடு எந்த முகத்தில் பதிந்திருக்கிறதோ, அந்த முகத்தின் வழியே மாத்திரம் அது நகரும். தகடு வண்டியின் பக்கவாட்டு முகத்தில் இருந்தால் கதவை முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்தலாம். குறுக்கு முகத்தில் இருந்தால் உள்வெளியாகவும் மேல்கீழாகவும் நகர்த்தலாம். இதை அறிந்தவர் எந்த போல்ட்டைத் தளர்த்துவதென்று திகைக்கமாட்டார்.

பூட்டு முனை தாழ்ந்திருந்தால் மேற்கீலைச் சிறிது முன்னுக்கோ, கீழ்க்கீலைச் சிறிது பின்னுக்கோ நகர்த்துக. தகடு முன்பின் நகராத அமைப்பாயின், கீழ்க்கீலின் பின்னால் மெல்லிய தகட்டுத்துண்டு ஒன்றை வைத்தால் அதே பலன் கிட்டும். கதவு முழுவதும் ஒரே அளவாய்த் தாழ்ந்திருந்தால் இரண்டு கீல்களையும் சமமாய் உயர்த்துக. கதவின் முன்விளிம்பு வெளியே துருத்தினால் கீல்களை உள்ளே நகர்த்துக. பூட்டுப் பக்கத்து மேல்மூலை மாத்திரம் துருத்தினால், மூலைக்கு மூலை எதிரான கீழ்க்கீலைச் சற்று வெளியே கொணர்க. மேல்மூலை உள்ளே படியும்.

ஒவ்வொரு முறையும் ஒரே கீலை, 1 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் நகர்த்தி, முடுக்கி, சாத்திப் பார்த்த பின்னரே அடுத்ததைச் செய்க. போல்ட்டுகள் அனைத்தையும் தளர்த்திவிட்டுக் கதவை உதைத்துச் சரிசெய்வோர், காலையில் தொடங்கி மாலையிலும் தொடங்கிய இடத்திலேயே நிற்பர்.

பூட்டுமுளை கடைசியில்

கதவு தானாகவே நிலையில் ஒழுங்காய் அமர்ந்தபின், பூட்டுமுளையை மீண்டும் பொருத்துக. மூடும் தறுவாயில் முளை கதவைத் தூக்கவோ தாழ்த்தவோ கூடாது. பூட்டின் வாயில் நடுவாய் நுழைய வேண்டும். தாழ்ந்த கதவை ஏற்கும்படி முளையைக் கீழே இறக்குவது பெருந்தவறு. அவ்விதம் செய்தால் கதவு சில நாள் மூடும்; கீலின் குற்றமோ அப்படியே இருக்கும்; பூட்டும் தேயும். கதவின் பின்விளிம்பு நிலையோடு சமமாய் நிற்கும்படி முளையை உள்ளோ வெளியோ நகர்த்தி, இறுக முடுக்குக.

சோதனை

மெல்லத் தள்ளினால் இரண்டு படிச் சத்தமும் தெளிவாய்க் கேட்கவேண்டும். ஒரு காகிதத் துண்டை ரப்பர்ப் பட்டைக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பார்க்க. எவ்விடத்தும் சிறிது இறுக்கமாய் வரவேண்டும். தளர்ந்து வரும் இடத்தில் மழைத் தண்ணீர் புகும். குடத்தால் நீரூற்றியும் இதை உறுதிசெய்துகொள்ளலாம். ஒரு வாரம் பாரமேற்றி ஓட்டிய பின், எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கி, கீல்முளைகளுக்கு எண்ணெய் இடுக.

வீட்டுக் கதவு மழைக்காலத்தில் ஊதினால் தச்சர் இழைப்புளியால் சீவிவிடுவார். இரும்புக் கதவைச் சீவ இயலாது. சுத்தியால் அடித்து வளைப்பதும், கட்டையைச் செருகி நெம்புவதும் தகட்டைக் கெடுக்குமேயன்றிக் குற்றத்தை நீக்கா. கோணலுக்குக் காரணம் கீலில் இருக்க, பரிகாரத்தைப் பூட்டில் தேடுதல் கூடாது. முதலில் கீல், பின்னர் இடைவெளி, கடைசியில் பூட்டுமுளை என்னும் இந்த வரிசையைக் குடியானவர்கள் கைக்கொள்வார்களாயின், அரை நாள் வேலையில் கதவும் நேராகும். அதன் பக்கத்தில் அமர்ந்து சந்தைக்குப் போகிறவரும் க்ஷேமமாய் வீடு திரும்புவர்.