ஆவிக் காதலைத் திருத்துகிறோம், உள்ளே வாங்க!

மதுரையில் பேய்க்கதை எழுத உட்கார்ந்தால் முதல் தொல்லை, இந்த ஊர் தூங்காது. நள்ளிரவில் கதாநாயகன் தனியாக நடந்து வர வேண்டும், தெருவில் ஈ காக்கை இருக்கக் கூடாது. எந்தத் தெருவில் நடக்க வைப்பது? மாசி வீதிகளில் அந்நேரத்துக்குத்தான் லாரியிலிருந்து சரக்கு இறங்கும். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். மாட்டுத்தாவணியில் பூ மூட்டைகள் வந்து விழத் தொடங்கியிருக்கும். ஒரு ஆவி நிம்மதியாக நின்று நாலு வார்த்தை பேசிக் காதலிக்க நகருக்குள் இடமே கிடையாது!

அதனால் என் நாவலைச் சமணர் மலைக்கு அந்தப்புறம், நானே உண்டாக்கிய ஒரு கிராமத்துக்குக் கடத்திக்கொண்டு போய்விட்டேன். கண்மாயை அளக்க வருகிற சர்வேயர் ஒருவன். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் அதே கண்மாயில் மூழ்கிப் போன பெண் ஒருத்தி. இரண்டு பேருக்கும் காதல். முதல் படி எழுதி முடித்தாயிற்று. இப்போது நடப்பது திருத்தம். வாசகர்கள் பார்க்கவே பார்க்காத கட்டம் இது, எனக்கோ இதைவிடக் குஷியான கட்டம் வேறு இல்லை. வாங்க, மேசையைக் காட்டுகிறேன்.

முதலில் இந்தப் பக்கம். அவள் வருகிற முதல் காட்சி. பழைய வரி இது: "காற்றில் மல்லிகை மணந்தது. அவன் உடல் சிலிர்த்தது." சிவப்புப் பேனா குறுக்கே ஓடியிருப்பது தெரிகிறதா? மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. டவுன் பஸ்ஸில் ஏறினாலே மல்லிகை வாசம்தான். அந்த வாசத்துக்கு உடல் சிலிர்க்கிற ஆள் மதுரையில் குடியிருக்கவே முடியாது. மேலும் காட்சி நடப்பது மார்கழியில். பனி விழுந்தால் மல்லிகை வரத்து சுருங்கிவிடும், விலை எகிறிவிடும். யாருக்கும் கிடைக்காத மல்லிகை கண்மாய்க் கரையில் மட்டும் எப்படி மணக்கும்?

புதிய வரி: "தாழம்பூ வாசம் வந்தது. யார் தலையிலிருந்து என்று திரும்பிப் பார்த்தான்." அவள் காலத்துப் பெண் தாழம்பூ வைத்துச் சடை தைத்துக்கொண்டவள். இன்றைக்கு அப்படி ஒரு தலையை எங்கே பார்க்கிறோம்? அதைவிடப் பெரிய லாபம் அடுத்த அத்தியாயத்தில் வந்தது. சர்வேயர் தங்கியிருக்கிற வீட்டுக் கிழவி அவன் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "இந்த வாசம் எங்க சின்னத்தா சடையில அடிக்கும்யா" என்கிறாள். ஒரு பூவை மாற்றினேன், ஆவியின் முகவரி தானாகக் கிடைத்துவிட்டது!

மரமும் அப்படித்தான். கண்மாய்க் கரை என்றதும் கை தானாகச் சீமைக்கருவேலத்தை எழுதிவிடுகிறது. நம் கண்மாய்களில் அந்த முள் பெருவாரியாகப் பரவியது நாடு விடுதலை அடைந்த பிறகு. இவள் அதற்கு முன்பே இறந்தவள். பார்த்தே இராத மரம்! வெட்டிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். வெட்டாமல் அவளையே கேட்க விட்டேன். "இது என்ன மரம், இம்புட்டு முள்ளு?" அவன் பதில் சொல்கிறான். பிறகு கரையில் ஓடுகிற தார்ச் சாலையைக் கேட்கிறாள், மின்கம்பத்தைக் கேட்கிறாள், தண்ணீர் ஏன் இவ்வளவு கீழே போய்விட்டது என்று கேட்கிறாள். அவன் நிலத்தை அளக்கிறவன், அவளுக்கு அந்த நிலத்தின் பழைய அளவு தெரியும். இரண்டு பேரும் ஒரே கண்மாயைப் பற்றிப் பேசிப் பேசியே நெருங்கிவிட்டார்கள். காதல் வசனம் என்று நான் எழுதி வைத்திருந்த நாலு பக்கமும் அன்றைக்கே குப்பைக் கூடைக்குப் போனது.

இப்போது சித்திரைத் திருவிழா அத்தியாயம். இதைக் காட்டும்போது எனக்குக் கை பரபரக்கிறது! என் பதிப்பாசிரியர் என்னைவிட இளையவள், மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை. பிரதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தாள்: "அக்கா, சித்ரா பௌர்ணமிக்கு இருட்டு எங்கிட்டு இருந்து வந்துச்சு?" சரியான கேள்வி, ஆவியை நான் இருட்டில் ஒளித்து வைத்திருந்தேன். அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிற அந்த விடிகாலையில் மேலே முழு நிலா, கீழே லட்சக்கணக்கில் ஜனம், கரையெல்லாம் விளக்கு. ஒளிந்து நிற்க ஒரு முழம் நிழல் தேறாது.

இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். ஆவியைக் கூட்டத்துக்கு நடுவிலேயே நிறுத்தினால் என்ன? அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிற நேர்த்திக்கடன் உங்களுக்குத் தெரியும். கருப்பணசாமி வேடம் கட்டியவர்கள் தோல் பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து பீய்ச்சுவார்கள். பக்கத்தில் நிற்கிற யாரும் நனையாமல் தப்ப முடியாது. சர்வேயரும் தொப்பலாக நனைந்து நிற்கிறான். பக்கத்தில் அவள். தலை முடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பாவாடை நுனி காற்றில் படபடக்கிறது. அவன் அதைப் பார்க்கிறான், அவன் பார்த்துவிட்டதை அவளும் பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அதுவரை அவளை உயிருள்ள பெண் என்றே நம்பியிருந்தவனுக்கு உண்மை தெரிவது இந்த இடத்தில்தான். பழைய படியில் இதற்கு ஒரு மின்னலும் நாயின் ஊளையும் வைத்திருந்தேன். இரண்டும் போயே போச்சு!

ஆவியின் முகத்தைப் பற்றி எழுதியிருந்ததையும் எடுத்துவிட்டேன். யோசனை கொடுத்தது அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு. அங்கே பார்த்திருப்பீர்கள், சிலை கிடையாது, பூட்டிய கதவுதான் சாமி. சந்தனமும் மாலையும் அந்தக் கதவுக்குத்தான். அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் நாக்கு எழாது. காட்டாமலே அத்தனை பயபக்தியை ஒரு கதவு உண்டாக்கும்போது, "வெளிறிய முகம், குழி விழுந்த கண்கள்" எல்லாம் எதற்கு? அவளுக்கு இப்போது சடை உண்டு, குரல் உண்டு, காய்ந்த பாவாடை உண்டு. மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார்.

இந்த மாதிரிக் கதைக்கு மதுரை புது ஊர் இல்லை. கண்ணகி கதையின் முடிவை நினைத்துப் பாருங்கள். ஊர் எரிகிறது. மதுராபதித் தெய்வம் அவள் முன்னால் வந்து போன பிறவிக் கதையைச் சொல்கிறது. சிங்கபுரத்தில் சங்கமன் என்பவன் அநியாயமாகக் கொல்லப்பட்டான், காரணமாக இருந்தவன் அந்தப் பிறவிக் கோவலன். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி உயிரை விடும்போது சாபம் இட்டாள். அதற்குச் சரியாகக் கண்ணகியும் பதினான்கு நாள் காத்திருக்கிறாள், பிறகு இறந்த கணவனே வானுலகத்தாரோடு வந்து அழைத்துப் போகிறான். ஆவிக் காதலுக்கு இதைவிடக் கச்சிதமான கணக்கு யார் போட்டார்கள்? என் நாவலிலும் அவள் கண்ணுக்குத் தெரிவது விட்டு விட்டு மொத்தம் பதினான்கு நாள்தான். அதற்குக் காரணத்தைப் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தேன், அடித்துவிட்டேன். எண் மட்டும் நிற்கட்டும், தமிழ் வாசகர் காதில் அது எங்கோ மணி அடிக்கும்.

அந்தத் தெய்வம் பேசியதை ஒட்டுக்கேட்டவர் யார் தெரியுமா? சாத்தனார். நள்ளிரவில் வெள்ளியம்பலத்தில் படுத்திருந்தபோது கேட்டதாக இளங்கோவிடம் அவர் சொல்வது சிலப்பதிகாரப் பதிகத்தில் இருக்கிறது. மதுரையில் கூல வாணிகம் செய்தவர், மணிமேகலையை எழுதியவர். பிறர் பாட்டில் பிழை கண்டால் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வார் என்று ஒரு கதையும் அவரைப் பற்றி உண்டு. மெய்ப்புப் படிக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

நம் காலத்துக்கு வந்தால் இந்திரா சௌந்தர்ராஜன். சேலத்தில் பிறந்து மதுரைக்காரராகவே வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்தார். 'விட்டு விடு கருப்பா' என்ற அவர் நாவல், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கத்தில், 'மர்ம தேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' ஆனது. கெஞ்சலாக இருந்த தலைப்பு மிரட்டலாக மாறியதைக் கவனியுங்கள், திருத்தம் என்றால் அப்படி இருக்க வேண்டும்! 1990-களின் கடைசியில் அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் டி.வி.யில் கேட்டதும் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் நிஜ வாழ்க்கையிலும் ஜோடி சேர்ந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் தித்திப்பான செய்தி.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அந்தக் கதையில் மனநோய் என்கிற விளக்கம் முழுசாக வருகிறது. பிளவுண்ட மனம், சிறு வயதில் பட்ட அடி எல்லாம் பொருந்துகிறது. ஆனாலும் ஊர் எல்லையில் கருப்பு நின்றுகொண்டேதான் இருக்கிறார். நம்புகிறவரும் நம்பாதவரும் ஆளுக்கொரு வாசல் வழியாகக் கதைக்குள் நுழையலாம். என் பிரதியில் அறிவியல் வாசலை நான் சாத்தி வைத்திருந்தேன். இப்போது சர்வேயருக்கு வெயில் தாக்கிய காய்ச்சல் ஒன்று வருகிறது. அவ்வளவு போதும்.

இனி கடைசி அத்தியாயம், இதற்காகத்தான் உங்களை உள்ளே கூப்பிட்டேன். முதல் படியில் ஒரு கோடாங்கி வந்தார். உடுக்கை, எலுமிச்சை, வேப்பிலை. பேயை ஓட்டினார். அவள் அழுதுகொண்டே புகையாகப் போனாள். சினிமாவில் பார்த்துப் பார்த்து மனசில் ஊறிய முடிவு. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை. மேசையில் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' எப்போதும் இருக்கும். தியாகராசர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர், அந்த ஆய்வை 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நாட்டார் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதியதையெல்லாம் படித்தவர்களுக்குத் தெரியும், அகால மரணம் அடைந்தவரை நம் ஜனங்கள் விரட்டுவதில்லை, கும்பிடுகிறார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனுக்கு மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே சன்னதி. அவன் தனியாகவும் இல்லை, பொம்மியும் வெள்ளையம்மாளும் கூடவே சாமியாகிவிட்டார்கள். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் வீட்டுக்குக் கன்னித் தெய்வம். அவளுக்குப் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன் வாங்கிப் படைத்து, ஓலைப் பெட்டியில் மடித்து வைக்கிறார்கள்.

ஆக, புதிய முடிவு. கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு என்ன வேணும் ஆத்தா?" என்று கேட்கிறார். அவள் புதுப் பாவாடை கேட்கிறாள். கரையில் ஓர் இடம் கேட்கிறாள். அவள் வீட்டார் படைக்கிறார்கள். அந்த வருடம் ஊர்ப் பொங்கலுக்கு வரி போடுகிறார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாணம் ஆனவனைத்தான் ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் எடுப்பார்கள். சர்வேயர் வெளியூர்க்காரன், தனிக்கட்டை. வரிப் பணத்தை நீட்டுகிறான். வாங்கலாமா கூடாதா என்று ஊர் கூடிப் பேசுகிறது. நோட்டு வைத்திருக்கிற பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அவன் பேரை எழுதுகிறார்: தலைக்கட்டு, ஒன்று.

எழுதி முடித்ததும் மேலூர்ப் பிள்ளைக்கு போன் போட்டு வாசித்துக் காட்டினேன். "அக்கா, இது கல்யாணம்ல!" என்று கத்தினாள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கன்னிக்குப் படைக்கிற வழக்கம் இருந்தால், அவள் பேர் என்ன, எப்படி இறந்தாள், என்ன பூ வைத்துக்கொள்வாள் என்று வீட்டிலேயே மூத்த பெண்மணியிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வருகிற பொங்கல் வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள்.