கடற்சாமந்தி தரும் நம்பிக்கை

நண்பகல் வேளை. கேலாங் சிராய் சந்தையின் மேல்தளத்தில் உள்ள உணவங்காடி நிலையத்தில் கூட்டம் நிறைந்திருக்கிறது. பிரியாணி, நாசி லெமாக், லொந்தோங் என மேசைதோறும் அரிசி உணவின் மணம் வீசுகிறது. ஆனால், சிலர் பாதிச் சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். பசி இல்லாததால் அன்று. நீரிழிவு நோய் இருப்பதால். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டில் இந்நோய்க்கு எதிராகப் போர் தொடுப்பதாக அறிவித்தது. அந்தப் போருக்குக் கைகொடுக்கக்கூடிய ஒரு பொருள் கடலடியில் வாழும் கடற்சாமந்தியில் இருக்கிறது.

சோற்றை நெடுநேரம் மென்றால் இலேசாக இனிக்கும். ஏன் தெரியுமா? சோற்றில் உள்ள மாவுச்சத்து, மணிகளைக் கோத்த நீண்ட மாலையைப் போன்றது. ஒவ்வொரு மணியும் ஒரு குளுக்கோஸ். நம் உமிழ்நீரில் அமைலேஸ் என்னும் நொதி உள்ளது. அது கத்தரிக்கோலைப் போல அந்த மாலையைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. கணையம் சுரக்கும் அமைலேஸ், சிறுகுடலில் இந்த வேலையைத் தொடர்கிறது. பிறகு வேறு நொதிகள் அத்துண்டுகளைத் தனித்தனி மணிகளாகப் பிரிக்கின்றன. குளுக்கோஸ் இரத்தத்தில் கலக்கிறது. நீரிழிவு நோயாளிகளுக்கு உணவு உண்டபின் இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்துவிடும். இந்நிலை நீடித்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை பாதிக்கப்படும்.

கத்தரிக்கோலின் வேகத்தைக் குறைத்தால், சர்க்கரையும் மெதுவாகவே இரத்தத்தில் சேரும். இதற்காக ‘அகார்போஸ்’ என்ற மருந்து ஏற்கெனவே பயன்படுத்தப்படுகிறது. ஆனால், அது அமைலேஸுடன் சிறுகுடலின் மற்ற நொதிகளையும் தடுக்கிறது. அதனால் செரிக்காத மாவுச்சத்தும் சர்க்கரையும் பெருங்குடலைச் சென்றடைகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்வதால் வயிற்று உப்புசமும் வாயுத்தொல்லையும் ஏற்படுகின்றன. எனவே, அமைலேஸை மட்டும் தடுக்கும் பொருளை ஆய்வாளர்கள் தேடினார்கள்.

அந்தத் தேடல் அவர்களைக் கடலுக்கு அழைத்துச் சென்றது. கடற்சாமந்தி பார்ப்பதற்குப் பூவைப் போல இருந்தாலும் அது ஒரு விலங்கு. பாறையில் ஒட்டிக்கொண்டு, விரல் போன்ற இழைகளால் இரையைக் கொட்டிப் பிடிக்கும். கோமாளி மீன்களுக்கு அதுவே வீடு. கரீபியக் கடலில் வாழும் ஒரு வகைக் கடற்சாமந்தியில் ‘ஹீலியாந்தமைடு’ என்ற பெப்டைடு இருப்பதைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் விளக்கினார்கள். 2019இல் ரஷ்ய ஆய்வாளர்கள், ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகா என்ற இனத்தின் வழவழப்பான சளியில் ‘மேக்னிஃபிகமைடு’ என்ற பெப்டைடு இருப்பதை வெளியிட்டார்கள். இந்த இனம் சிங்கப்பூரின் தென்தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளிலும் வாழ்கிறது.

பெப்டைடு என்பது புரதத்தின் சிறிய வடிவம். மனிதக் கணைய அமைலேஸில் 496 அமினோ அமிலங்கள் உள்ளன. இந்தப் பெப்டைடுகளிலோ 44 மட்டுமே. ஆயினும், ஹீலியாந்தமைடு அமைலேஸின் வெட்டும் பகுதிக்குள் கச்சிதமாகப் பொருந்தி, அதைச் செயல்படவிடாமல் தடுக்கிறது. பூட்டின் துளைக்குள் வேறொரு சாவி சிக்கிக்கொண்டால் பூட்டைத் திறக்க முடியாது அல்லவா? அதைப் போன்றதே இதுவும். மிகச் சிறிதளவே இதற்குப் போதும்.

இவை இன்னும் மருந்தாகக் கடைகளுக்கு வரவில்லை, ஆய்வுகள் தொடர்கின்றன. இவற்றுக்காகக் கடற்சாமந்திகளைப் பறிக்க வேண்டியதும் இல்லை. பெப்டைடின் அமைப்பு தெரிந்துவிட்டால், அதற்குரிய மரபணுவைப் பாக்டீரியாவில் செலுத்தி, ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கலாம். ஆனால், அந்த அமைப்பைக் கண்டறிய முதலில் அந்த உயிர் உலகில் இருக்க வேண்டும்.

கேலாங் சிராய்க்குத் தெற்கே இருக்கிறது மரின் பரேட். இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் அவ்விடம் 1966க்கு முன் கடலாக இருந்தது. நிலத்துக்காகக் கடலை நிரப்பிய சிங்கப்பூர், 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகளில் தன் முதல் கடல் பூங்காவை அறிவித்தது. அத்தகைய இடங்களில் காக்கப்படும் உயிர்களுள் எது நாளை யாருடைய நோய்க்கு மருந்தாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் காக்க வேண்டியிருக்கிறது.