ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பித்தல்: கண்டிப் பிரதேசத்தை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

ஒரு மொழியைக் கற்பிக்கும் முறை யாதென வினவுவதற்கு முன்னர், அம்மொழி கற்போருக்கு எத்தகைய மொழி என வினவுதல் வேண்டும். வீட்டிற்கு வெளியே அன்றாட வாழ்வில் வழங்கும் மொழியை இரண்டாம் மொழி என்றும், வகுப்பறையிலன்றி வேறெங்கும் செவியில் விழாத மொழியை அந்நிய மொழி என்றும் மொழியியலாளர் வேறுபடுத்துவர். இலங்கையில் ஆங்கிலம் இரண்டாம் மொழி என்றே பொதுவாகக் கூறப்படுகின்றது. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் ஒருங்கே நோக்கின் இக்கூற்றின் போதாமை புலப்படும். ஆங்கிலம் புழங்கும் இல்லத்திலிருந்து நகரக் கல்லூரிக்குச் செல்லும் மாணாக்கருக்கு அது இரண்டாம் மொழி. லயத்திலிருந்து தோட்டப் பாடசாலைக்குச் செல்லும் மாணாக்கருக்கு அது முற்றிலும் அந்நிய மொழி.

இவ்வேறுபாடு வரலாற்றின் விளைவாகும். 1872இல் தோன்றிய திரித்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் ஆங்கிலக் கல்வியை நகரில் வேரூன்றச் செய்தன. தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேயே பெருமளவில் அரசினால் பொறுப்பேற்கப்படத் தொடங்கின. 1945இல் இலவசக் கல்வியும், 1960இல் பல்கலைக்கழகக் கலைப்பிரிவில் தாய்மொழிவழிக் கல்வியும் வந்தபின், கிராமத்து மாணாக்கர் பேராதனைக்குள் நுழைந்தனர். நூலகத்து நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே இருந்தன. அம்மாணாக்கர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்றனர். சிங்களத்தில் அதற்கு வாள் என்பது பொருள். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் இச்சொல்லை முன்வைத்தே மொழிக்கும் அதிகாரத்திற்குமுள்ள உறவை ஆராய்ந்தார்.

இப்பின்னணியிலேயே கற்பித்தல் முறைகளை மதிப்பிடல் வேண்டும். இலக்கண மொழிபெயர்ப்பு முறை விதிகளை மனனஞ் செய்வித்தது. பேசும் ஆற்றலைத் தரவில்லை. அதற்கு எதிராகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் எழுந்த நேர்முறை, தாய்மொழியை வகுப்பறையிலிருந்து விலக்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வளர்ந்த கேட்டல்–பேசல் முறை, வாக்கிய அமைப்புக்களை மீண்டும் மீண்டும் கூறுவித்துப் பழக்கமாக்க முயன்றது. 1970களில் உருவான தொடர்பாடல் முறை, பயன்பாட்டை முதன்மைப்படுத்தியது. ஒவ்வொன்றும் தான் தோன்றிய சூழலின் தேவையைச் சுமந்து வந்தது. தாய்மொழி விலக்கு, வீட்டிலே ஆங்கிலங் கேட்ட பிள்ளைக்குத் தடையாகாது; அதனைக் கேட்டறியாத பிள்ளையையோ வாயடைத்து நிற்கச் செய்யும்.

உண்மையில் தாய்மொழியறிவு ஆசிரியருக்கு ஒரு கருவியாகும். ‘அவர் ஆசிரியர்’ என்னும் தமிழ்த் தொடரில் வினையில்லை. அதே கருத்தைக் கூற ஆங்கிலத்திற்கு ‘இஸ்’ என்னும் வினையும் ‘எ’ என்னும் சுட்டிடைச் சொல்லும் வேண்டும். ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதிற் பெயருக்கு முன்வரும் அடை, ஆங்கிலத்திற் பெயருக்குப் பின்வரும். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் ‘பின்’ என்றே எழுதுகிறோம். சிங்கள எழுத்திலோ இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி வடிவங்கள் உள. எனவே தமிழ் மாணாக்கரின் இடர்ப்பாடும் சிங்கள மாணாக்கரின் இடர்ப்பாடும் ஒன்றல்ல. பிழையை அறியாமையின் அடையாளமாகக் கருதாது, தாய்மொழியமைப்பின் தடமாகக் காணும் ஆசிரியரே அதனைத் திருத்த வல்லவராவார்.

கற்றலின் நோக்கமும் கருதத்தக்கது. டாக்காவிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1926இல் வெளியிட்ட ஆய்விலே, வங்காள மாணாக்கருக்கு முதலில் வேண்டுவது வாசிப்புத் திறனே என வாதிட்டார். பேராதனை மாணாக்கருக்கும் நூலகத்தைத் திறக்கும் வாசிப்பே உடனடித் தேவையாகும். தொழில்நாடுவோருக்கு உரையாடல் முந்தும். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பாடசாலைகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம், இலக்கண வரிசையை விடுத்துச் சிந்தித்துத் தீர்க்கவேண்டிய பணிகளைப் பாடமாக்கியது. புகையிரத நேரசூசி அத்தகைய பாடப்பொருள்களுள் ஒன்று. நமது பிரதேசத்திலும் இது இயலும். பேராதனைச் சந்தியில் ஒரு பாதை கண்டிக்கும் மற்றையது அற்றன் வழியே பதுளைக்கும் பிரிகின்றது. மாத்தளையிலிருந்து அற்றன் செல்பவர் எங்கே வண்டி மாறவேண்டும், எவ்வளவு நேரங் காத்திருக்கவேண்டும் என்பனவற்றை ஆங்கில நேரசூசிகொண்டு கண்டறியும் மாணாக்கர், தாம் அறிந்த உலகத்தினூடாகவே மொழியை அடைவர்.

2001 முதல் சில பாடசாலைகளில் ஆங்கிலமொழிமூலக் கல்வி மீண்டும் இடம்பெறுகின்றது. தகுதியான ஆசிரியரும் நூல்களுமுள்ள நகரக் கல்லூரிகளே இதனால் முதலிற் பயன்பெறும் என்பது வெளிப்படை. தோட்டப் பாடசாலைக்கு அத்தகைய ஆசிரியரை அனுப்பாது கற்பித்தல் முறையை மட்டும் மாற்றுவது பயனற்றது. தமிழும் ஆங்கிலமும் நன்கறிந்தவர்களை அப்பிரதேசத்திலிருந்தே தெரிந்து பயிற்றுவதும், அவர்களை அங்கேயே பணியாற்றச் செய்வதும் முதற்கடமையாகும். அது நிகழும்வரை வாள் ஒரு சாராரின் கையிலேயே இருக்கும். முறைகளைப் பற்றிய நமது விவாதங்கள் அதன் உறையை மட்டுமே மாற்றிக்கொண்டிருக்கும்.