கண்பாவையில் தெரியும் கால்சியம்: பூச்சிக்கொல்லி நச்சும் உயிரணுச் செய்திகளும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் மல்லிகையின் மொட்டுப்புழுவுக்கும் பருத்தியின் காய்ப்புழுவுக்கும் நெடுங்காலம் தெளிக்கப்பட்டு வந்தவற்றுள் மோனோகுரோட்டோபாஸ் முதலிய ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் அடங்கும். வட்டார வழக்கில் இவற்றிற்கும் 'மருந்து' என்றே பெயர், தெளிப்பது 'மருந்தடித்தல்'. இந்நஞ்சு உட்சென்று மயங்கியவரிடம் மருத்துவர் முதலில் நோக்குவனவற்றுள் ஒன்று கண்பாவை. அது பெரும்பாலும் ஊசிமுனையளவாகச் சுருங்கியிருக்கும். உயிரணுவுக்குள் கால்சியம் ஆற்றும் வினையை வெறுங்கண்ணால் காணத்தக்க அரிய இடம் இது.

ஓய்விலுள்ள உயிரணுவினுள் கட்டற்ற கால்சியம் அயனியின் செறிவு, வெளிப்பாய்மத்தில் உள்ளதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கே. இத்தகைய வறுமை இருப்பதனாலேயே உள்ளே சிறிதளவு கால்சியம் கூடினாலும் அது செய்தியாகிறது. நரம்புமுனை சுரக்கும் அசிட்டைல்கோலின், கண்பாவையைச் சுருக்கும் தசையின் உயிரணுக்குள் நுழைவதில்லை. சவ்விலுள்ள மஸ்கரினிக் ஏற்பியோடு இணைவதோடு அதன் பணி முடிகிறது. ஏற்பி ஜி-புரதத்தையும், அப்புரதம் பாஸ்போலிப்பேஸ்-சி என்னும் நொதியையும் தூண்டுகின்றன. நொதி சவ்வின் கொழுப்பொன்றைப் பிளக்க, ஐபி-3 என்னும் சிறு மூலக்கூறு பிறக்கிறது. உட்சேமிப்பிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடுவது இதுவே என்பதை மைக்கேல் பெரிட்ஜும் உடனாய்வாளர்களும் 1983-இல் கணைய உயிரணுக்களைக் கொண்டு நிறுவினர். வெளிப்பட்ட கால்சியம் கால்மோடுலின் என்னும் புரதத்தோடு சேர, தசை சுருங்குகிறது.

செய்தியைத் தொடங்குவதைக் காட்டிலும் முடித்துவைப்பதே இன்றியமையாதது. அசிட்டைல்கோலினை நொடியின் சிறு பகுதிக்குள் சிதைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை நஞ்சு பற்றிக்கொள்கிறது. ஒருமுறை சொல்லப்பட வேண்டிய செய்தி ஓயாது ஒலிக்கிறது. மூச்சுக்குழல் தசையிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இதே ஐபி-3 வழி இயங்குவதால் மூச்சுக்குழல் சுருங்குகிறது, நீர் பெருகுகிறது.

முறிமருந்தாகிய அட்ரோபின் ஊமத்தையிலும் உள்ள பொருள். அது நஞ்சை நீக்குவதில்லை, கால்சியத்தைத் தொடுவதுமில்லை. மஸ்கரினிக் ஏற்பியில் அமர்ந்து செய்தியை வாயிலிலேயே மறிக்கிறது. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் முதலிய கண் மருத்துவமனைகளில், விழித்திரையைச் சோதிக்கும் முன் கண்பாவையை விரிக்க இடப்படும் டிராபிகமைடு சொட்டுமருந்தும் இவ்வாறே செயற்படுகிறது. சில மணி நேரம் கண் கூசுவது, அச்செய்தி தற்காலிகமாகத் தடைப்பட்டதன் விளைவு.

ஆயினும் அட்ரோபினுக்கு ஓர் எல்லை உண்டு. உதரவிதானம் போன்ற எலும்புத்தசைகளில் அசிட்டைல்கோலினைப் பெறுவது நிக்கோட்டினிக் என்னும் வேறு ஏற்பி. அங்குக் கால்சியத்தை விடுவிப்பது ஐபி-3 அன்று. தசைச் சவ்வில் பரவும் மின்துடிப்பு. அட்ரோபின் அவ்வழியைத் தீண்டாது. ஆதலால் கண்பாவை விரிந்து, நெஞ்சின் நீர் வற்றிய பின்னரும் மூச்சுத்தசைகள் தளர்ந்து உயிர்போகலாம். செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படுவது இதற்காகவே.